டீச்சர் வீட்டு நான்-ஸ்டிக் கல்லும் நாலு குருவிகளும்

நான்-ஸ்டிக் பாத்திரத்தில் எது நல்லது என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. இத்தனைக்கும் மதுரையில் பலர் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கையில் பிடித்து விற்றவள் நான். போன மாதம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது, நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, கிரானைட்டுங்கிறாக, செராமிக்குங்கிறாக, இன்னும் என்னென்னமோ பேர் சொல்றாக. எது சேஃப்புன்னு கேட்டா நாங்க என்னத்தைச் சொல்ல?"

கையில் எடுத்துக் கனம் பாருங்க, கண்ணாடி மேல வச்சு அடி ஆடுதான்னு பாருங்க, கைப்பிடி எப்படி மாட்டியிருக்குன்னு பாருங்க என்று மளமளவென்று சொன்னேன்.

"அது உழைக்கிறதுக்குக்கா. நாங்க கேட்டது சேஃப்பான்னு."

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் அதே கேள்வியை வேறு ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தேன். மேல மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பெண் ஆள் கேட்கிறார்கள் என்று அப்பா கொண்டுபோய் விட்டார். எவர்சில்வர் கொடிகட்டிப் பறந்த நேரம். முதல் சில வருஷம் தூசி தட்டினேன். சீர்ப் பாத்திரம் எடுக்க வருகிறவர்களுக்கு அண்டாவும் குடமும் எடுத்துக் காட்டினேன். பெயர் வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று பெண் பெயரில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொண்டேன். நான் கற்ற தொழில் அவ்வளவுதான்.

முதலாளி பெயர் சொக்கலிங்கம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சன்னமான குரல். ஒரு பாத்திரம் புதிதாக வந்தால் அவர் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார், கவிழ்த்து முதுகைத்தான் பார்ப்பார். யார் என்ன சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். கோபமும் கிடையாது, கிண்டலும் கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மேலே பொய் சொல்ல முடியாது. சரக்குப் போடுகிறவர்கள் பலர் அந்த "அப்புறம்?" வந்ததும் விலையைக் குறைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் ஒருநாள் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி, மோகன் என்பவர், ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே நான்-ஸ்டிக் தோசைக்கல்லும் வாணலியும். எண்ணெயே வேண்டாம் சார், ஒட்டவே ஒட்டாது சார் என்று அவர் பேசிக்கொண்டே போக, முதலாளி ஒரு கல்லைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து விளிம்பை நாலு பக்கமும் விரலால் அழுத்தினார். அடி ஆடினால் நடுவில் தீ ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி படும் என்பது அவர் கணக்கு. பிறகு இரண்டு கையிலும் இரண்டு கல்லை ஏந்திக் கனம் பார்த்தார். தகடு மெலிசாக இருந்தால் சீக்கிரம் நெளிந்துவிடும், நெளிந்தால் மேல்பூச்சு விட்டுப்போகும். அப்புறம் வாசலுக்குப் போய், கறுப்புப் பூச்சை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஊசி குத்தின மாதிரி புள்ளி எங்காவது தெரிகிறதா என்று. கடைசியாகக் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. வீட்டுல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஒரு கல் அவர் வீட்டுக்குப் போனது. சில மாதம் கழித்துத்தான் கடைக்குச் சரக்கு எடுத்தார். விற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கடை வாசலில் சின்ன கேஸ் அடுப்பை வைத்து, முட்டையை எண்ணெய் இல்லாமல் ஊற்றி வழுக்கிக் காட்ட வேண்டும். மோகன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: முதல் தடவை கழுவி லேசாக எண்ணெய் தடவுங்கள், மரக் கரண்டிதான் போட வேண்டும், தீயைக் குறைத்து வையுங்கள், சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏன் தீயைக் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "பூச்சு ரொம்ப நாள் உழைக்கும்மா" என்றார். நானும் அதையே வருகிறவர்களிடம் சொன்னேன்.

வருகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. "கறுப்பா இருக்கே, சாயமா?" "உரிஞ்சு வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?" "இதுல சுட்டா புள்ளைகளுக்கு ஆகுமா?" மோகனிடம் கேட்டால், ஒன்றும் ஆகாது, உள்ளே போனாலும் தங்காமல் வெளியே போய்விடும் என்பார். முதலாளியிடம் கேட்டால், "தெரியலம்மா. தெரியலன்னே சொல்லு" என்பார். இரண்டில் எதைச் சொல்வது என்று எனக்குக் குழப்பமாகவே இருக்கும். ஆளைப் பார்த்து ஒன்றைச் சொல்வேன்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு அம்மா வாங்கிக்கொண்டு போய், பதினைந்து நாளில் திரும்ப வந்தார். முகமெல்லாம் பெருமை. பையிலிருந்து கல்லை எடுத்தால் வெள்ளை வெளேரென்று மின்னுகிறது.

"கரி பிடிச்ச சட்டியை வித்துட்டீங்களேத்தா. ரெண்டு நாளு செங்கப்பொடி போட்டுத் தேச்சேன், அம்புட்டுக் கரியும் போயிருச்சு. இப்பப் பாரு, கண்ணாடி கணக்கா இருக்கு. ஆனா ஒட்டுதே, என்னன்னு பாரு" என்றார்.

கடையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. வேறு ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "இவங்க இத்தனை வருசமா கரியைத் தேச்சுத்தான் பாத்திரத்தைக் காப்பாத்தியிருக்காங்க. நாம தேய்க்காதேன்னு ஒரு பாத்திரத்தைக் கொண்டாந்து கையில குடுக்கிறோம். அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வசந்தா டீச்சர் கடைக்கு வந்தார். எஸ்.எஸ். காலனியில் வீடு. ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் ஒப்புக்கொள்வார். கூடவே அவர் வீட்டில் சமையல் வேலை பார்க்கும் பேச்சியும் வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள் இருப்பாள். பேரையூர்ப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் இறந்த பிறகு மதுரைக்கு வந்து, ஆரப்பாளையத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, அந்தக் காலனியில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முட்டையை நான் வழுக்கிக் காட்டியபோது டீச்சர் பூச்சைப் பார்த்தார், பேச்சி என் கையைப் பார்த்தாள். "தீயைக் கொறைச்சு வைக்கணும்னா கல்லு எப்பக்கா காயும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கல்லை டீச்சர் வாங்கிக்கொண்டு போனார்.

ஐப்பசி மழை நேரம். கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் பேச்சி தனியாக வந்து நின்றாள். முந்தானை நனைந்திருந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது.

"ராணியக்கா, அன்னைக்கு நீங்க குடுத்த கல்லுல ஏதும் மருந்து தடவியிருக்காக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விட்டு விட்டுச் சொன்னாள்.

டீச்சரின் மகன் வடக்கே படிக்கப் போகும்போது, தான் வளர்த்த லவ் பேர்ட்ஸ் நாலையும் அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். சமையல்கட்டு ஜன்னலோரம் கூண்டு தொங்கும். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அவற்றோடுதான் பேசுவாராம். கூண்டு கழுவுவதும் தினை போடுவதும் பேச்சி வேலை. அன்று காலை தூறல் உள்ளே அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். பேச்சி குருவிகளுக்குத் தினை போட்டாள். தோசைக்குக் கல்லைக் காயவைத்தாள். அதற்குள் மழை வலுத்தது. மாடியிலிருந்து டீச்சர், "பேச்சி, துணியெல்லாம் நனையுது, ஓடியா" என்று கூப்பிட்டார். ஓடினாள். கொடியில் கிடந்த துணியை அள்ளி உள்ளே போட்டு, நனைந்ததைப் பிழிந்து உள்ளே கட்டியிருந்த கொடியில் போட்டுவிட்டுக் கீழே வந்தால், சமையல்கட்டில் கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி. அடுப்பை அணைத்தாள். கூண்டைப் பார்த்தாள். நாலும் கீழே கிடந்தன. ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியதாம். அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

"டீச்சரம்மா கேட்டாங்க, நீ என்னத்தைப் போட்டேன்னு. தினைதாம்மா போட்டேன்னேன். மொத நாளு கூண்டு கழுவுறப்ப அலுத்துக்கிட்டேன், இதுகளுக்குக் கழுவியே கை தேயுதுன்னு. அதை மனசுல வச்சிருந்திருக்காங்க. எலிக்குன்னு மருந்து வாங்கியாந்ததும் நாந்தான். ரெண்டையும் சேத்துப் பாத்துட்டாங்க."

டீச்சர் கத்தவில்லை, போலீசுக்குப் போகவில்லை. நாளையிலிருந்து வராதே என்று மட்டும் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டில் ஏன் என்று கேட்டார்கள், அவர் காரணத்தைச் சொன்னார். அடுத்த நாள் மற்ற இரண்டு வீடுகளும் பேச்சியை நிறுத்திவிட்டன. சமைத்துப் போடுகிறவள் விஷம் வைப்பாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அப்புறம் யார் வீட்டு அடுப்புப் பக்கம் சேர்ப்பார்கள்?

"அந்த நெடி அக்கா. இரும்புக் கல்லு எம்புட்டுக் காஞ்சாலும் அப்படி ஒரு நெடி வந்ததில்ல. அதான் கேக்க வந்தேன்."

முதலாளி கல்லாவில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம்?" என்று கேட்கவில்லை. எழுந்து வந்து, "ஜன்னல் சாத்தியிருந்துச்சா?" என்றார். ஆமாம் என்றாள். "கல்லு மேல எண்ணெய் இருந்துச்சா?" இல்லை, வெறும் கல் என்றாள். அவர் அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

மறுநாள் காலை கடையின் பின்கட்டில் அடுப்பை வைத்து, ஒரு புதுக் கல்லை வெறுமனே ஏற்றினார். நான் வாசல் நிலையில் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புகை என்று கூடச் சொல்ல முடியாத ஒரு மெல்லிய மூட்டம். பேச்சி சொன்ன அதே நெடி. தொண்டை காந்தியது, கண்ணில் நீர் வந்தது. அவர் உடனே அணைத்துவிட்டு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் எனக்குக் குளிர் நடுக்கம். நெஞ்சு இறுகி இருமல். அடுத்த நாள் சரியாகிவிட்டது. முதலாளிக்கும் அப்படியே. அந்தப் புகையால்தான் வந்தது என்று சொல்லலாம் என்றால், அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டிலேயே தம்பி போர்த்திப் படுத்திருந்தான். அவனுக்கு யார் புகை போட்டார்கள்? எதை எதோடு சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் மோகன் வழக்கமான சுற்றுக்கு வந்தார். முதலாளி நடந்ததைச் சொன்னார். மோகன் முதலில் சிரித்தார். பிறகு, உலகம் பூராவும் இதில்தான் சமைக்கிறார்கள் சார் என்றார். கேஸ் கசிந்திருக்கலாம் என்றார். குருவிக்கு ஏதாவது சீக்கு வந்திருக்கலாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் முதலாளி "அப்புறம்?" என்றார். கடைசியில் மோகன் பையை மூடிக்கொண்டே, "எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சார் நான் சொல்றேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார். அவரைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியிலும் விசாரித்தோம். செத்த குருவியைக் கொண்டுவந்தால் அறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். டீச்சர் அவற்றை அன்றைக்கே முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தார். நாலு நாள் மழை அதன் மேல் பெய்துவிட்டது.

முதலாளியும் நானும் பேச்சியைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனோம். டீச்சர் எங்களை உட்காரச் சொன்னார். பேச்சி நின்றாள். முதலாளி பின்கட்டில் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப உங்க சரக்கு விஷம்னு நீங்களே சொல்றீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்லம்மா. எனக்குத் தெரியல. இந்தப் பொண்ணு மேல பழி வந்திருக்கு. வேற காரணமும் இருக்கலாம்னு சொல்ல வந்தேன்."

"இருக்கலாம்னா? இருக்கா, இல்லையா? நிரூபிக்க முடியுமா?"

முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். "முடியும்மா. ரெண்டு குருவி வாங்கிட்டு வந்து, இதே ஜன்னல்ல மாட்டி, ஜன்னலைச் சாத்திட்டு, இதே கல்லை வெறுமனே ஏத்திப் பாக்கலாம்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர், "ஞாயித்துக்கிழமை செய்யுங்க. நானும் பாக்கணும்" என்றார். வெளியே வந்ததும் பேச்சி பஸ் ஸ்டாப் வரை எனக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஒரு சின்னக் கூண்டில் ஒரு பச்சை, ஒரு நீலம் என்று இரண்டு குருவிகளோடு வந்தார். அவர் முகம் சரியில்லை. வழியெல்லாம் கூண்டின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டே வந்தாராம். டீச்சர் சமையல்கட்டில் அந்தக் கல்லை எடுத்து அடுப்பில் வைத்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். கூண்டை மாட்டினேன். உள்ளே அவை இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கீச்சுக் கீச்சென்றன.

டீச்சர் அடுப்பைப் பற்றவைத்தார். நாங்கள் வெளியே வர வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வாசலில் நின்றிருந்த பேச்சி விறுவிறுவென்று உள்ளே போனாள். கொக்கியிலிருந்து கூண்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"வேணாம்யா" என்றாள் முதலாளியைப் பார்த்து. "என் பேரு கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். இதுக செத்துத்தான் நான் நல்லவன்னு தெரியணும்னா எனக்கு அது வேணாம்."

"பேச்சி, உனக்காகத்தானே" என்றேன்.

"எனக்காகன்னுதாங்க்கா வேணாங்கிறேன்."

அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. டீச்சர் திரும்பி நின்று அடுப்பை அணைத்தார். அணைத்த பிறகும் கையை அந்தக் குமிழிலிருந்து எடுக்கவில்லை.

பேச்சி படி இறங்கினாள். கீழே நின்று, "வாரேன் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கூண்டைத் திருப்பிக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஆரப்பாளையத்தில் அவள் அறை பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் கடைக்கு வந்தார். பாத்திரம் எதையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "பேச்சி ஊர் உங்களுக்குத் தெரியுமா? என் கூட வர முடியுமா?" என்றார்.

பேரையூர் பஸ்ஸில் போனோம். மழை முடிந்து கரிசல் காட்டில் பருத்தி நல்ல பச்சையாக நின்றது. வழியில் டீச்சர் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "கணக்குல ஒரு விடை வந்தா அது சரியான்னு திருப்பிப் போட்டுப் பாக்கலாம். இதைத் திருப்பிப் போடவே முடியல" என்றார்.

பேச்சி யாரோ ஒருவர் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு, மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வாசல் வேம்பில் அந்தக் கூண்டு தொங்கியது. பச்சையும் நீலமும் நன்றாக இருந்தன.

டீச்சர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நீ வைக்கல. எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றாள் பேச்சி. கோபத்தில் கேட்டது மாதிரித் தெரியவில்லை. நிஜமாகவே அறிந்துகொள்ளக் கேட்டாள். "எனக்கே தெரியலையே டீச்சரம்மா. மருந்து வைக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா தினையில ஏதும் கலந்திருந்துச்சா, அந்தக் கல்லா, என்னன்னு ராவும் பகலும் நினைச்சுப் பாக்குறேன். அடுப்பை அப்படியே விட்டுட்டு மேல வந்தவ நாந்தானே."

"நான்தானே கூப்பிட்டேன்" என்றார் டீச்சர். அப்படியே வேம்படியில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பேச்சி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுவாரம் பேச்சி வேலைக்குத் திரும்பினாள், கூண்டோடு. டீச்சர் அந்த இரண்டு வீடுகளுக்கும் தானே போய், தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஒரு வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள், மற்ற வீட்டில் கடைசிவரை சேர்க்கவில்லை. கூண்டு இப்போது முன்வாசலில் தொங்கியது. சமையல்கட்டில் பழைய இரும்புக் கல் வந்துவிட்டது. நான்-ஸ்டிக் கல்லை டீச்சர் தூக்கிப் போடவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. பரண்மேல் போட்டுவிட்டார்.

கடையில் முதலாளி நான்-ஸ்டிக் விற்பதை நிறுத்தவில்லை. அது எனக்கு அப்போது வருத்தம்தான். ஒருநாள் கேட்டும்விட்டேன். "என் வீட்டுலயும் அதுலதான் சுடுறாங்க ராணி. ஒண்ணும் ஆகல. அதுவும் உண்மைதானே?" என்றார். ஆனால் அன்றிலிருந்து விற்கும் ஒவ்வொரு கல்லோடும் நான் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார்: வெறும் கல்லை அடுப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கிளி குருவி வளர்த்தால் சமையல்கட்டில் வைக்காதீர்கள். மோகன் இதைக் கேட்டுச் சங்கடப்பட்டார். வாங்க வந்தவர்கள், குருவிக்கும் தோசைக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார்கள். சிலர் வாங்காமலே போனார்கள். கேட்டால் எனக்கும் காரணம் சொல்லத் தெரியாது. ஆனாலும் விடாமல் சொன்னேன்.

முதலாளி காலமாகி, அவர் மகள் கடையை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு, நான் ஓய்வுபெறக் கொஞ்ச நாள் இருந்தபோது, ஒரு பெண் வாணலி வாங்க வந்தார். வழக்கம்போல் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கால்நடை டாக்டராம்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, ஒரு சந்தேகம்தான் என்றேன்.

"சந்தேகமே வேண்டாம். வெறுமனே அளவுக்கு மேல காஞ்சா அந்தப் பூச்சுல இருந்து வர்ற புகை பறவைகளைக் கொன்னுரும். அதுங்க நுரையீரல் அப்படி. மனுசங்களுக்குக் காய்ச்சல், நடுக்கம் வந்து போயிரும். மிதமான தீயில சமைச்சா பயப்பட வேண்டியதில்ல."

எத்தனை வருஷம்! அன்றைக்கே பெர்மிஷன் போட்டுவிட்டுப் பேச்சியைப் பார்க்கப் போனேன். டீச்சர் மகனோடு வடக்கே போய்விட்டிருந்தார். போகும்போது வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையைப் பேச்சிக்கு என்று விட்டுப் போயிருந்தார். பேச்சிக்குத் தலை நரைத்திருந்தது. அவளிடம் குருவிகள் இல்லாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். "கல்லுதான் பேச்சி. அந்தப் புகைதான். டாக்டரே சொல்லிட்டாங்க. உன் மேல ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று ஓடி வந்திருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நாந்தாங்க்கா கொன்னிருக்கேன்" என்றாள்.

"யாருக்கும் தெரியாதே பேச்சி அப்ப. எனக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது, அந்தக் கம்பெனிக்காரருக்கே தெரியாது."

"தெரியாதுதான்" என்றாள். "இம்புட்டு நாளா, ஒருவேளை தினையா இருக்குமோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கொண்டுவந்தது நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. வந்ததே தப்போ என்றும் தோன்றியது, சொல்லாமல் எப்படி இருப்பது என்றும் தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தாள்.

"இருங்கக்கா, காப்பி போடுறேன்."

பாலை அடுப்பில் வைத்தாள். வெளியே தெருவில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. பால் பொங்கி வரும்வரை அடுப்பின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.